வங்கிப் பங்கு விழுந்த திங்கட்கிழமை

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியுள்ளபடி. வயது நாற்பத்திரண்டு. பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் தலைமை டீலராக இருக்கிறேன். என் கணவர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஆலை நஷ்டம் அறிவிப்பதற்கு முந்தின நாளே என் வாடிக்கையாளர்கள் அதன் பங்குகளை விற்றது எப்படி, ரகசியத்தை என் கணவர் சொன்னாரா என்று கேட்கப்பட்டதால் இதைச் சொல்கிறேன். அவரைக் காலையிலிருந்து பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். சொன்னது நிரூபணமானால் அவருக்கு வேலை போகும், சிறையும் உண்டு என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது.

சென்ற திங்கட்கிழமை எங்கள் சந்தை திறப்பதற்குள் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்திருந்தது. எண்ணெய் விழுந்தால் மற்ற இடங்களில் பெயிண்ட், டயர், விமானப் பங்குகள் ஏறும். எங்கள் ஊர்ப் பங்குச் சந்தை அப்படியல்ல. இங்கே பங்கு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஆலையில் சம்பளம் வாங்குகிறவர்கள், மீதிப் பேர் அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர்கள். ஓவர்டைம் நின்றுவிடும் என்று பயந்து பங்கை விற்பார்கள். ஆனால் ஆலைப் பங்கைத் தொட மாட்டார்கள். அது அவர்களுக்குப் பிறந்த வீடு மாதிரி, யாராவது குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அதனால் ஒரு பாவமும் அறியாத வங்கிப் பங்கை முதலில் விற்பார்கள், அதன் பிறகு சிமெண்ட், வேறு வழியே இல்லையென்றால் ஆலைப் பங்கு. இந்த வரிசையைப் பல வருடம் பார்த்துக் கண்டுபிடித்தவள் நான். எங்கள் மேலாளர் இதைத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்வதையும் பதிவு செய்யக் கோருகிறேன்.

மேலும் விலை உச்சத்தில் இருந்தபோது ஆலைக்குக் கப்பல் கப்பலாக எண்ணெய் இறக்கியதை ஊரே துறைமுகத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. விலை சரிந்தால் ஆலைத் தொட்டிகளில் இருப்பது நஷ்டம்தான். இதைச் சொல்ல ஒற்றர் வேண்டியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை சந்தை திறந்த பிறகு வங்கிப் பங்கு காரணமில்லாமல் விழுந்தது. உடனே நான் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, அவர்கள் வாயால் சம்மதம் வாங்கி, எங்கள் வழக்கப்படி ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்த பிறகே ஆலைப் பங்கை விற்றேன். எல்லாப் பேச்சும் பதிவாகியுள்ளது. பல் டாக்டர் ஒருவர், "ஊரே பாங்க் பங்கை வித்துக்கிட்டிருக்கு, நீங்க என்னம்மா ரிஃபைனரியை விக்கச் சொல்றீங்க?" என்றார். "இன்னைக்கு பாங்க்கை விக்கிறவங்க நாளைக்கு இதுலதான் டாக்டர் கை வைப்பாங்க" என்றேன். விற்றார். மறுநாள் மதியம் நஷ்ட அறிவிப்பு வந்து பங்கு அதல பாதாளத்துக்குப் போனது.

அதன் பிறகு, இன்று என்னை விசாரிக்கும் ஆய்வாளர், கணவர் பேச்சுவாக்கில் சொன்னதாக நான் ஒப்புக்கொண்டால் என்னைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். மறுத்தேன். என் கணவர் தங்கமான மனிதர், ஆனால் சந்தை விஷயத்தில் அவர் சொல்லி நான் கேட்டேன் என்று எழுதினால் எனக்குச் சிறையைவிட அதுதான் அவமானம்.

அதன் பிறகு என் கணவர் உள்ளே அழைக்கப்பட்டார். அதே திங்கட்கிழமை அவரும் வேறொரு தரகர் மூலம் ஆலைப் பங்கில் வியாபாரம் செய்திருப்பதாக ஆய்வாளர் சொன்னார். எனக்கு அது புதுச் செய்தி.

"எவ்வளவு வித்தீங்க?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"விக்கலை சார், வாங்கினேன்" என்றார் என் கணவர், என் முகத்தைப் பார்க்காமல். "நம்ம கம்பெனியாச்சே, அப்படியெல்லாம் விழாதுன்னு நெனச்சேன்."

"வீட்லயே ஆள் இருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவா சார். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். அதான் கேக்கலை."

ரகசியம் தெரிந்தவர் யாரும் நஷ்டத்தைக் காசு கொடுத்து வாங்க மாட்டார் என்று ஆய்வாளரே சொல்லி, அவர் வீட்டுக்குப் போகலாம் என்றார். எனக்குக் கோபமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமை கொஞ்சம் அதிகம்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் எழுத்தர் "அதிர்ஷ்டவசமாக விற்றேன்" என்று எழுதியிருந்தார். முதல் சொல்லை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, யாவும் உண்மை.

(ஒப்பம்)
தலைமை டீலர்