எச்சில் ஊறிய செய்தி

கண்டியிலிருந்து கடுகண்ணாவைக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்த மூத்த பெண்ணிடம் சொன்னார்:

"அல்ஹம்துலில்லாஹ் ராத்தா, எங்கட வீட்டுக்காரருக்கு எச்சில் ஊறுது!"

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எச்சிலுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டார் மூத்தவர்.

"தொண்டையில கேன்சருக்குக் கரண்ட், அதான் கதிர் வைத்தியம், புடிச்சதுதானே. அவர்ட கூடப்பொறந்த நானாவுக்கும் இதே கேன்சர்தான். அவருக்கு முந்தி பழைய மெஷின்ல புடிச்சு, கதிர் பக்கத்துக்கெல்லாம் பட்டு, வாய் காஞ்சே போச்சு. ரெண்டு பேரும் டெய்லர். நானா கடைசி வரைக்கும் தண்ணியில தொட்டுத்தான் நூல் கோத்தார்."

"இவர்?"

"நேத்து நூல் நுனிய வாயில வச்சு நனைச்சு, ஒரே தரத்துல ஊசியில கோத்துட்டார். புது மெஷின்ல மெல்லிய தகடுகள் நகர்ந்து, கட்டி இருக்கிற அளவுக்கு மட்டும் கதிர விடுதாம். நடுவால கசியாம இருக்க, ஒரு தகட்டுட விளிம்பு மத்ததுக்கு மேல ஏறி நிக்கிதாம். டொக்டர் சொன்னார்."

"அத செஞ்சவங்களுக்கு துஆ கேளுங்க."

"அவரே கேட்டார் ராத்தா. பேர் தெரியாதே. 'யா அல்லாஹ், கதிர் ஒழுகாம தையல் போட்ட அந்த டெய்லர்மாருக்கு நல்லது செய்' எண்டு கேட்டார்."