சொட்ட வேண்டிய குழாய்

சுபாஷ்: ...அதான் மேடம் சொல்றேன், கம்ப்ளெய்ன்ட்டே வராத லேடீஸ் ஹாஸ்டல் இது. சுங்குவார்சத்திரம் ஃபுல்லா சுத்திப் பாருங்க, காலைல பச்சைத் தண்ணிலதான் பொண்ணுங்க நடுங்கிக்கினு குளிக்கும். நாங்க மாடில பெரிய கீசரே போட்டுட்டோம்.

ஐஸ்வர்யா: அதைப் பார்க்கத்தான் சார் வந்திருக்கேன். எங்க கம்பெனிப் பொண்ணுங்க தங்குற எடம். சேஃப்டி டீம்ல இருந்து அப்பப்ப வரணும்ல...

சுபாஷ்: தாராளமா. மொதல்ல ஒரு டீ. ராஜம்மாக்கா! யக்கோவ்! மேடத்துக்கு ஒரு டீ கொண்டாங்க... இவங்கதான் மேடம் நம்ம சமையல். ஹாஸ்டல் தெறந்த அன்னிலேர்ந்து இவங்க கைதான்.

ராஜம்மா: வணக்கம் மேடம்.

ஐஸ்வர்யா: ...மேடமா?

ராஜம்மா: பின்ன? கழுத்துல கார்டு தொங்குது, கையில டார்ச்சு. வேற எப்டி கூப்புடறது?

ஐஸ்வர்யா: அக்கா, நெசமாவே என்னை அடையாளம் தெரியலையா?

ராஜம்மா: கண்ணாடி மாட்டிக்கினா மூஞ்சி மாறிடுமா? மேல் ரூம்பு ஐசு. சாம்பார்ல போட்ட கத்திரிக்காய எல்லாம் தட்டு ஓரத்துல அடுக்கி வெச்சிட்டு எழுந்து போவியே...

ஐஸ்வர்யா: இன்னும் அதை மறக்கலையா!

ராஜம்மா: எப்டி மறக்கும்? அறுத்தது நானு.

சுபாஷ்: அட! மேடம் நம்ம ஹாஸ்டல்லயா இருந்தீங்க? சொல்லவே இல்லியே!

ஐஸ்வர்யா: நீங்க மேனேஜரா வர்றதுக்கு முன்னாடி சார். லைன்ல நின்னு ஃபோன் அசெம்பிளி பண்ணிட்டிருந்தேன். ஷிப்ட் போக மிச்ச நேரத்துல டிப்ளமா படிச்சு, அப்புறம் சேஃப்டிக்கு மாத்தினாங்க.

சுபாஷ்: அப்ப நம்ம வூட்டுப் பொண்ணு! நான்கூட யாரோ என்னமோன்னு... உக்காருங்க, உக்காருங்க. கையெழுத்து போட்டுட்டு, நிதானமா டீ குடிச்சிட்டு கெளம்புங்க.

ராஜம்மா: அப்பல்லாம் ஏது சார் கீசரு? அந்த அடுப்புல வெப்பேனே ஒரு அண்டா, அதான் கீசரு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பக்கெட்டைத் தூக்கிக்கினு இதுங்க நிக்கிற நெலை...

ஐஸ்வர்யா: நின்னுட்டேவா? நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்தா, படிக்கட்டுல பக்கெட்டைக் கட்டிப் புடிச்சிட்டே தூங்கிடுவோம். முதுகுல ஒரு தட்டு தட்டுவாங்க சார். "எழுந்திரு, உன் தண்ணி கொதிக்குது"ன்னு.

ராஜம்மா: தட்டலைன்னா? ஆளுக்கு ஒரு சொம்பு மொண்டு மொண்டு அண்டாவைக் காலி பண்ணிட்டு பூடுவாளுங்க. இவளுக்கு மிஞ்சறது அடியில கிடக்கிற கரி.

ஐஸ்வர்யா: எங்ககூட இருந்த நிலா, கம்பி ஹீட்டர் வாங்கிட்டு வந்தாளே, ஞாபகம் இருக்காக்கா?

ராஜம்மா: ஏன் இல்ல! தண்ணிக்குள்ள முக்கற கம்பி. சந்தையில வாங்கினேன்னு கொண்ணாந்தா...

ஐஸ்வர்யா: ரெண்டு பின்னு ப்ளக். எர்த்தே கிடையாது சார். சுட்டுச்சான்னு பார்க்க, ஸ்விட்சை அணைக்காம பக்கெட்ல கையை விட்டா. அப்படியே ஒட்டிக்கிட்டா.

சுபாஷ்: அய்யய்யோ!

ஐஸ்வர்யா: நாங்க எல்லாம் கத்துறோம், ஒருத்திக்கும் கால் நகரல. அக்கா ஓடி வந்து தொடப்பக்கட்டையால ஒரே அடி. நிலாவை அடிச்சாங்களா, கம்பியை அடிச்சாங்களா... இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குப் புரியல.

ராஜம்மா: ரெண்டையுந்தான்.

ஐஸ்வர்யா: இப்ப எங்க போய் எந்த ஹீட்டரைப் பார்த்தாலும் எர்த் வயரைத்தான் மொதல்ல தேடுறேன். கை தானாப் போகுது.

சுபாஷ்: அதெல்லாம் பக்கா மேடம். தனி லைனு, தனி எம்.சி.பி ஸ்விட்சு, எர்த்து, ஷாக் அடிச்சா தானா கட் ஆவுற பாக்ஸு... எலெக்ட்ரீஷியன் நல்ல கை. போர்டு இங்கயே கீது, பாத்துக்கோங்க.

ஐஸ்வர்யா: ம்... நல்லாத்தான் பண்ணிருக்கார். வயரும் தடிமனா இருக்கு. சரி, மேல போலாமா?

சுபாஷ்: மேல எதுக்கு மேடம் இந்த வெயில்ல? நான் போட்டோ புடிச்சி வாட்ஸப்ல...

ராஜம்மா: பாக்கட்டுமே சார். அந்த மூலையிலதான் மஞ்சா சுடிதாரைக் காயப் போடுவா. பழைய எடத்தைப் பாக்கணும்னு ஆசை இருக்காதா? வாம்மா, நானும் வரேன்.

சுபாஷ்: யக்கா, உங்களுக்கு அடுப்புல...

ராஜம்மா: அணைச்சிட்டேன் சார்.

ஐஸ்வர்யா: ...அப்பா. இந்த மாடிப்படி இவ்ளோ செங்குத்தா? அப்பத் தெரியவே இல்ல.

ராஜம்மா: அப்ப வயசு. ஈரத்துணி மூட்டையைத் தூக்கிக்கினு ரெண்டு ரெண்டு படியா தாவுவீங்க. ஆங், அந்தாண்ட பாரு. நீங்க கொடி கட்டின எடத்துலதான் கீசரு ஒக்காந்துனு கீது.

ஐஸ்வர்யா: பெரிசாத்தான் இருக்கு.

ராஜம்மா: பெரிசு மட்டுமா, சுத்தம்! எங்க மேனேஜர் சாரு மாதிரி வருமா? மொதல்ல அந்தச் சின்னக் கொழாயிலேர்ந்து சொட்டு சொட்டுன்னு சொட்டினே இருந்திச்சி. இப்ப வரட்டுமே ஒரு சொட்டு! ஒரே நாள்ல நிறுத்திட்டாரு.

சுபாஷ்: யக்கா, அதெல்லாம் எதுக்கு இப்ப...

ராஜம்மா: நல்லதைச் சொல்லக் கூடாதா சார்?

ஐஸ்வர்யா: எந்தக் குழாய்க்கா?

ராஜம்மா: அதோ, பக்கவாட்டுல பித்தளை வால்வு ஒண்ணு கீதுல்ல, அதுலேர்ந்து கீழ வருதே. அது வாயிலதான் மூடி போட்டிருக்காரு. பாரேன், எவ்ளோ அழகா டைட்டா...

ஐஸ்வர்யா: ...சார். இது என்ன?

சுபாஷ்: எண்டு கேப்பு மேடம். சும்மா லீக் ஆயிக்கினே இருந்திச்சி. பக்கத்து வூட்டு செவுரு பூரா நனைஞ்சி, அந்தாளு டெய்லி சண்டை. ஓனரு இன்னா பண்ணுவியோ ஏது பண்ணுவியோ, தண்ணி வரக் கூடாதுன்னாரு. ப்ளம்பரைக் கூப்ட்டு அடைச்சேன்.

ஐஸ்வர்யா: லீக் இல்ல சார் அது. அதுக்குப் பேரே சேஃப்டி வால்வு. உள்ள பிரஷர் ஏறினா, இல்ல சூடு எல்லை தாண்டினா, அது வழியாதான் வெளிய வரும். இந்த வாயை யாருமே அடைக்கக் கூடாது. மூடியும் கூடாது, நடுவுல ஒரு டேப்பும் கூடாது.

சுபாஷ்: டெய்லியுமா மேடம் பிரஷர் ஏறும்?

ஐஸ்வர்யா: மோட்டார் எப்ப வெச்சீங்க? அதோ, தொட்டிக்குப் பக்கத்துல இருக்கிற பிரஷர் பம்ப்.

சுபாஷ்: அது... மேல் ஃப்ளோர்ல ஷவர் சரியா வரலைன்னு, இப்பதான், பொங்கல் கழிச்சி.

ஐஸ்வர்யா: சொட்ட ஆரம்பிச்சது?

சுபாஷ்: அதுக்கப்புறந்தான்... அட, ஆமா.

ஐஸ்வர்யா: சூடானா தண்ணி உப்பும் சார். முன்னாடி உப்பின தண்ணி வந்த வழியே மேல்தொட்டிக்குத் திரும்பிப் போயிடும். இப்ப பம்புக்குப் பக்கத்துல ஒருவழி வால்வு வெச்சிருக்காங்க, திரும்பிப் போக வழியில்ல. அதான் இங்க சொட்டிருக்கு. அதையும் அடைச்சிட்டீங்க. குக்கர்ல வெயிட்டுக்குப் பதிலா ஆணி அடிச்சு வெச்சா என்ன ஆகும்?

சுபாஷ்: வெடிச்சிரும்...

ஐஸ்வர்யா: உள்ள சூட்டைப் பார்த்துத் தானா அணைக்கிற தெர்மோஸ்டாட்டை நம்பித்தான் இந்த டேங்க் நிக்குது. அது ஒரு நாள் மக்கர் பண்ணுச்சுன்னா, டேங்க் இந்த எடத்துல இருக்காது. தளத்தையே பேத்துட்டுப் போகும்.

ராஜம்மா: அடியம்மா! அப்ப ராவுல டொம்மு டொம்முன்னு ஒரு சத்தம் வருதே, அது இதானா? நான் பூனை உருட்டுதுன்னுல்ல நெனைச்சேன்.

சுபாஷ்: சத்தமா? எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லியே!

ராஜம்மா: சொன்னேனே சார். "பூனையா இருக்கும், போய்ப் படுங்க"ன்னது நீங்கதான்.

ஐஸ்வர்யா: இதுக்கு நேர் கீழ எந்த ரூம்க்கா?

ராஜம்மா: உன் ரூம்புதான் ஐசு. நீ படுத்த கட்டில்ல இப்ப புதுசா ஒரு பொண்ணு. ஜாயின் பண்ணி ஒரு மாசம்கூட ஆவல. வெளிச்சம் பட்டாத் தூக்கம் வராதுன்னு துப்பட்டாவை மூஞ்சில போட்டுக்கினு தூங்கும்.

ஐஸ்வர்யா: ...சார், கீழ போய் எம்.சி.பி-யை அணைங்க. இப்பவே.

சுபாஷ்: மேடம், மொதல்ல மூடியக் கழட்டிடறேன், ரெண்டு நிமிஷம், ரெஞ்சு இங்கதான்...

ஐஸ்வர்யா: தொடாதீங்க! சூட்டோட கழட்டினா மூஞ்சில பீச்சிரும், வெந்துரும். கரண்ட்டை நிறுத்திட்டு, பாத்ரூம்ல சுடுதண்ணிக் குழாயைத் தெறந்து விடுங்க. நல்லா ஆறட்டும். நாளைக்கு லைசென்ஸ் இருக்கிற ப்ளம்பர் வரணும். புது வால்வு. அதோட பைப்பை சரிவா கீழ சாக்கடை வரைக்கும் இறக்கி, வாயைத் தெறந்தே விடணும், சொட்டுறது கண்ணுக்குத் தெரியுற மாதிரி. உப்புற தண்ணிக்கு ஒரு சின்ன எக்ஸ்பான்ஷன் டேங்க் வெச்சிட்டா சொட்டுறதும் நின்னுரும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார்.

சுபாஷ்: ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?

ஐஸ்வர்யா: எழுதாம?

சுபாஷ்: நம்ம ஹாஸ்டல்ல இருந்தவங்க, கொஞ்சம் பாத்து...

ஐஸ்வர்யா: இருந்ததாலதான் எழுதுறேன் சார். சரி பண்ணிட்டு கூப்பிடுங்க, நானே வந்து பார்த்து, சரியாயிடுச்சுன்னும் எழுதுறேன். பொண்ணுங்களை வேற எடத்துக்கு மாத்தச் சொல்ல மாட்டேன்.

சுபாஷ்: யாரு மேடம் போன் பண்ணது?

ஐஸ்வர்யா: எந்த போன்?

சுபாஷ்: எனக்குத் தெரியும் மேடம். சும்மா வருவீங்களா? உள்ள கீற எவளோ ஒருத்தி உங்க கம்பெனி நம்பருக்கு அடிச்சிருக்கா. ஓனரு கொதிக்கப் போறாரு. யாருன்னு தெரிஞ்சா பொட்டி படுக்கையோட ரோட்டுலதான் நிக்க வெப்பாரு.

ராஜம்மா: நிக்க வெக்கணும் சார்! உள்ளயே இருந்துக்கினு, இங்கயே தின்னுக்கினு, இந்த வேலை பாத்தா? நானே கண்டுபுடிக்கிறேன் பாருங்க.

ஐஸ்வர்யா: ரொட்டீன் செக்கிங் சார் இது. எம்.சி.பி...

சுபாஷ்: போறேன், போறேன். ஓனருக்கும் சொல்லணும். யக்கா, மேடத்தைப் பாத்துக் கூட்டினு வாங்க, படி வழுக்கும்.

ராஜம்மா: ...போய்ட்டாரா?

ஐஸ்வர்யா: போய்ட்டார்.

ராஜம்மா: கெட்ட ஆளு இல்ல ஐசு. ஓனருன்னா பயம். போன மாசம் ஒரு பொண்ணுக்கு ஜுரம், அவருதான் பைக்ல வெச்சி ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாரு.

ஐஸ்வர்யா: தெரியுதுக்கா. எர்த்தெல்லாம் அவ்ளோ பார்த்துப் பண்ணிருக்காரே. ...இந்த மதில்மேல உக்காந்துதான் பூஜா அவங்க அம்மாகிட்ட போன் பேசுவா. இங்க மட்டுந்தான் டவர் கிடைக்கும். அவ அழுதா நாங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுத் துணியை உதறுவோம். இப்ப அவளுக்கு ரெண்டு பசங்க.

ராஜம்மா: நிலா?

ஐஸ்வர்யா: ஓரகடத்துல லைன் லீடர். படப்பைல வாடகைக்கு வீடு எடுத்திருக்கா. போன வாரம் பேசினா... "அக்கா கையால ரசம் குடிக்கணும்டி"ன்னா.

ராஜம்மா: வரச் சொல்லு. எல்லாத்தையும் வரச் சொல்லு. உன் பச்சை பக்கெட்டு இன்னும் கீது தெரியுமா? நெயில் பாலிஷ்ல பேர் எழுதி வெச்சிருந்தியே, அழியவே இல்ல. அதுலதான் அரிசி களையறேன்.

ஐஸ்வர்யா: ஏன்க்கா, பிள்ளைங்ககூடப் போய் இருக்கலாம்ல? இன்னும் இந்த அடுப்பங்கரையிலயே...

ராஜம்மா: புள்ளைங்க எங்க கீது எனக்கு? மண்ணூர்ல இருந்த எடமும் அண்ணன் தம்பிக்குப் பூட்ச்சி. சமையக்கட்டுப் பின்னாடி ஒரு ரூம்பு குட்துகீறாங்க. அதான் வூடு. இத்த விட்டா எங்க போவேன்?

ஐஸ்வர்யா: ம்.

ராஜம்மா: அதான் கொஞ்சம் பயமாக்கூட... சரி, வுடு. இன்னிக்கு நைட் ஷிப்ட் போற பொண்ணுங்க காலைல வருமே, அண்டாவை எறக்கித் தேய்ச்சி வெக்கணும். பழையபடி கியூல நிக்கட்டும். கொஞ்சம் திட்டுவாளுங்க.

ஐஸ்வர்யா: நானும் ஒரு நாள் வந்து நிக்கவா?

ராஜம்மா: வா. ஆனா பக்கெட்டு தர மாட்டேன். ...ஐசு.

ஐஸ்வர்யா: சொல்லுங்கக்கா.

ராஜம்மா: அந்த போன் பண்ணவ... பேரு கீரு சொன்னாளா?

ஐஸ்வர்யா: ஏன்க்கா?

ராஜம்மா: சும்மாத்தான். அவரு தேடுறேன்றாரே, பாவம், எந்தப் பொண்ணு மாட்டிக்குமோன்னு...

ஐஸ்வர்யா: பொண்ணு இல்லக்கா. அன்னைக்கு கம்பெனி ஹெல்ப்லைன்ல போனை எடுத்தது நான்தான். ஆம்பளக் குரல். கட்டையா, வாயில துணியை வெச்சிக்கிட்டுப் பேசின மாதிரி. "கீசர் கொழாய அடைச்சிட்டாங்க, பசங்க கீழ தூங்குது, வந்து பாருங்க"ன்னாரு. பேர் கேட்டேன், சொல்லல.

ராஜம்மா: ஆம்பளன்னா... பக்கத்து வூட்டுக்காரனா இருக்கும்.

ஐஸ்வர்யா: நானும் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன். பேர் தெரியாத ஆண்னு.

ராஜம்மா: அது போதும். அதுக்கு மேல உனக்குந்தான் இன்னா தெரியும்?

ஐஸ்வர்யா: தெரியாமத்தான் போயிருக்கும்க்கா. "சரிங்க சார், வந்து பார்க்கிறோம்"னு சொல்லிட்டு போனை வைக்கப் போறேன். அந்த ஆம்பள கேக்குறாரு, "இன்னாம்மா, கொரலே சோர்ந்து கீது... சாப்ட்டியா கண்ணு?"

ராஜம்மா: ...ஐயையோ. கேட்டுட்டேனா?