ராட்டினத்தில் இருபத்தாறு நிமிடம்

காப்பி ஆறிப்போவதற்குள் குடித்துவிடு, உஷா. கையில் செய்தித்தாளும் பென்சிலுமாக நீ வாசலில் வந்து நின்றபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உன் கணக்கு சரி. இந்த வாரம் நான் சொன்ன ராகு காலம் எல்லாமே தப்பு. எட்டால் வகுத்துப் பார்க்க ஒருத்தி வராமலா போவாள் என்று ஏழு வருஷமாகக் காத்திருக்கிறேன். டாக்டர் பட்டம் வாங்கிய இத்தனை தமிழர்கள் இருக்கிற ஊரில் இவ்வளவு காலம் பிடித்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

நீ புதிது, அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நான் சென்னையில் கணிதத்தில் எம்.எஸ்ஸி., முதல் வகுப்பு. என் கணவர் பாலசந்திரனுக்கு விவசாயக் கல்லூரியில் மண் ஆராய்ச்சி வேலை கிடைத்து மான்ட்ரியல் ஓரத்தில் இருக்கும் இந்த சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு வந்து சேர்ந்தோம். எனக்குக் கிடைத்த வேலை, சட்னி அரைப்பது. ஊரிலிருந்து கொண்டுவந்த காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரை முதல் ஆறு என்று போட்டிருக்கும். அது அங்கே சூரியன் உதிக்கிற கணக்கு. இங்கே ஜூன் மாதத்தில் சூரியன் விடிகாலை ஐந்துக்கு எழுந்தால் ராத்திரி ஒன்பது வரை வீடு திரும்புவதில்லை. டிசம்பரிலோ ராகுவே குளிருக்குப் பயந்து ஒரு மணி நேரத்தில் கடையைக் கட்டிவிடுவார்.

பேப்பரில் வரும் உதய, அஸ்தமன நேரத்தை எடுத்து, பகலை எட்டாக வகுத்து, ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். முதலில் எனக்காகத்தான். பிறகு லாசாலிலிருந்து ஒருவர் கேட்டார், பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து இரண்டு பேர். ஒரே வருஷத்தில் மான்ட்ரியலில் எந்தத் தமிழ் வீட்டில் பால் காய்ச்சினாலும், கார் வாங்கினாலும், வியாழக்கிழமை சாயங்காலம் என் டெலிபோன் அடிக்கும். கணிதம் படித்தவள் சொன்னால் தப்பாகவா இருக்கும்?

முதல் பொய் ரொம்பச் சின்னது. விருந்துக்கு வந்த ஒரு பேராசிரியர் தன் சிறுநீரகக் கல்லைப் பற்றி மூன்று மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். "ஏழு மணிக்கு ராகு காலம் பொறந்துடும், அதுக்குள்ள கிளம்பிட்டா நல்லது" என்றேன். மனிதர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். அன்று ராகு காலம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அப்புறம் கை பழகிவிட்டது. தீபாவளிக் கூட்டம் எனக்கு வசதியான மணிக்கு நடந்தது. பாட்டு என்ற பெயரில் எல்லாரையும் படுத்தி எடுக்கும் ஓர் அம்மாளுக்கு எப்போதும் மேடை ஏறும் சமயத்தில்தான் எமகண்டம் வந்தது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அந்த அம்மாளைத் தவிர எல்லாருக்கும் லாபம்தான்.

சரி, ராட்டினத்துக்கு வருகிறேன். நீ அதற்காகத்தான் வந்திருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

அனுசூயாவை உனக்குத் தெரியும். சென்னையில் டாக்டராக இருந்தவள். இங்கே டாக்டராக வேண்டுமென்றால் பரீட்சை, அதோடு பிரெஞ்சும் வேண்டும். இரண்டு முறை எழுதினாள், இரண்டு முறையும் கிடைக்கவில்லை. அதனால் புதன்கிழமை தோறும் லாசாலிலிருந்து பஸ் ஏறி, காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வருவாள். நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கீழ் வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையை இடிப்பார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளினேன் என்றால் மிகையில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் ஜூன் மாதம் அவள் கணவர் ஜெயசங்கருக்குக் கல்கரியில் பெரிய இஞ்சினியர் வேலை வந்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அவளையும் பயிற்சி டாக்டராக எடுத்துக்கொள்வதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். ஜெயசங்கர் ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும். வேலை தரும் கல்கரி மேலாளர் வெள்ளி வரை வெளியூரில்; ஞாயிற்றுக்கிழமை மாலை ஐரோப்பாவுக்கு விமானம் ஏறுகிறார்; அதற்குள் வீட்டுக்குப் போன் செய்து சம்மதம் சொல்ல வேண்டும். நம் நேரத்துக்கு ஆறு மணிக்குள். போன் வராவிட்டால் பட்டியலில் அடுத்தவனுக்குத் தந்தி போகும்.

"நேரம் மட்டும் குறிச்சுக் குடுங்க சிஸ்டர், மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார் ஜெயசங்கர்.

குறித்துக் கொடுத்தேன். சனிக்கிழமை கரிநாள் என்றேன். அது கரிநாள் இல்லை. ஞாயிறு பிற்பகல் வரை அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம் என்றேன். சந்திரன் அன்று அவர் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மூன்றே முக்கால் முதல் ஐந்து நாற்பது வரை ராகு காலம் என்றேன். உண்மையில் அன்று ராகு காலம் தொடங்கியதே ஏழு மணிக்குச் சற்று முன்னால். ஐந்து நாற்பதிலிருந்து ஆறு வரை சுத்தமான இருபது நிமிடம். "போதுமே, பேச ரெண்டு நிமிஷம்தானே" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

அவர்கள் பெண் மீராவுக்கு அப்போது ஏழு வயது. ஆற்றின் நடுவே தீவுப் பூங்காவில் இருக்கும் பெரிய ராட்டினத்தில் ஏற வேண்டுமென்று வருஷம் முழுக்க நச்சரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பதைவிட அங்கே போகலாம், ராட்டினத்துக்குப் பக்கத்திலேயே டெலிபோன் பூத் இருக்கிறது என்றேன். இருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமையே தனியாக மெட்ரோவில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு கூண்டாக ஆள் ஏற்றி, சுற்றி, ஒவ்வொரு கூண்டாக இறக்குவதற்கு ஆகும் நேரத்தை ஒன்பது முறை குறித்தேன். கூட்டம் இருந்தால் சராசரி இருபத்தாறு நிமிடம். ரொம்ப நாளுக்குப் பிறகு என் படிப்புக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

அவர்களிடம் பன்னிரண்டு நிமிடம் என்று சொன்னேன்.

அன்று சென்-ஜான் திருநாள் விடுமுறைக் கூட்டம். வரிசையின் தலைக்கு வந்தபோது மணி ஐந்து முப்பத்தெட்டு. ராகு காலத்தில் காலெடுத்து வைக்க ஜெயசங்கர் மறுத்துவிட்டார். பின்னால் நின்ற இரண்டு குடும்பங்களை முன்னால் போகச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முள் நாற்பதைத் தாண்டியதும் பூத்தை நோக்கித் திரும்பினார்.

"நல்ல நேரம் பொறந்ததும் மொதல் காரியமா உயரப் போங்க. குழந்தை ஆசையோட கூப்பிடறா. எறங்கி வந்தா இன்னும் ஏழு நிமிஷம் கையில இருக்கு" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார். நாலு பேரும் ஏறினோம்.

மேலே போகப் போக மீரா கீழே தெரிந்த கூண்டுகளைப் பள்ளியில் படித்த பிரெஞ்சில் எண்ணினாள். அனுசூயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கமலி, ஸ்டெதஸ்கோப்பைப் பட்டுப்புடவைக்குள்ள சுத்தி வெச்சிருந்தேன்டி. நேத்து எடுத்துத் தொடச்சேன். என் நெஞ்சுலயே வெச்சுக் கேட்டுக்கிட்டேன், பைத்தியக்காரி மாதிரி" என்று சொல்லிச் சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறெரிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஜெயசங்கர் வியர்க்க ஆரம்பித்தார். எங்கள் கூண்டு தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் வந்தபோது எட்டிப் பார்த்து, "எமர்ஜென்சி, ப்ளீஸ்" என்று கத்தினார். ராட்டினக்காரர் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டார். நல்ல மனிதர். பக்கத்தில் வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா, யாராவது 'மலாட்' ஆக இருக்கிறார்களா என்று பிரெஞ்சில் கேட்டார். கையைக் கதவின் தாழ்ப்பாளிலேயே வைத்திருந்தார். ஆமாம் என்பதற்கு 'வீ' என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், இறக்கிவிட்டிருப்பார்.

"நோன், நோன், மெர்சி" என்று நன்றி சொல்லி மறுத்துவிட்டேன்.

"என்ன சொல்றாரு சிஸ்டர்?"

"வரிசைப்படிதான் எறக்குவாராம். எல்லாருக்கும் ஒரே சட்டமாம்."

ராட்டினம் மறுபடி மேலே போனது. இறங்கியபோது ஆறு ஏழு. ஜெயசங்கர் ஓடினார். பூத்துக்குள் அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி வெகுநேரம் நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. வெளியே வந்து, "நீங்க சரியாத்தான் குறிச்சுக் குடுத்தீங்க சிஸ்டர், எங்க தலையெழுத்து" என்றார். பாவம், எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மீராவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

கூண்டு இரண்டாம் முறை மேலே போனதிலிருந்தே அனுசூயா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்காக அவளுக்கு வைத்தியத்துக்கான பிரெஞ்சுச் சொற்களை அட்டையில் எழுதிக் கொடுத்து, புதன்கிழமைகளில் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டவள் நான்தான். முதல் அட்டையே 'மலாட்'. ஆனாலும் அந்தக் கூச்சலில் அவள் காதில் விழுந்திருக்காது. விழுந்திருந்தால் கேட்டிருப்பாளே, நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது?

அதற்குப் பிறகு அவள் பரீட்சை எழுதவில்லை. என்னிடம் நேரமும் கேட்பதில்லை. இருந்தாலும் கல்கரியில் என்ன குளிர், அங்கே அவளுக்கு யார் இருந்தார்கள்? அவள் நல்லதுக்குத்தான் செய்தேன். நீ லாசாலுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்வதென்றால் சொல், நான் தடுக்கவில்லை. ஆனால் புதன்கிழமை காலையில் போகாதே. அவள் இங்கேதான் இருப்பாள். ஜெயசங்கர் வேலைக்குப் போகிற வழியில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போதெல்லாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதனால் என்ன, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன்.