நான்காம் இருக்கையில் ஒருவர்

எண்பத்தெட்டு, மார்கழி. இரவு ஒன்றரை மணி. கீழப்பழுவூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலை. அன்று லாரிகூட இல்லை. ஒரே ஒரு சைக்கிள்... நம் ஊர் ஆயிஷா பீவியின் அண்ணன் கவுஸ்.

விடிந்தால் அவன் துபாய் கிளம்ப வேண்டும். அதற்குள், தான் வேலை பார்த்த சிமெண்ட் ஆலைக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றி நிர்வாகத்திடம் ஒப்படைத்தாக வேண்டும். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் அதைக் கழற்ற முடியும்.

ஆலை வாசலில் வாட்ச்மேன் அரியமுத்து சிரித்தார். “நாளைக்குப் பிளேனு, இன்னைக்கும் சைக்கிளா?”

“டிஸ்க்கக் குடுத்தாத்தான் விடுவாங்களாம்ணே.”

டிஸ்க் இருப்பது பீரோவில் பாதி உயரப் பெட்டியில். உள்ளே தட்டுகள் சுழலும். அதை ஓட்டும் புரோகிராமை எழுதியவன் கவுஸ்தான். இருக்கையில் உட்கார்ந்து ஒருவர் டிஸ்க்கில் வேலையைத் தொடங்கினால் எண் ஒன்று கூடும். முடித்துவிட்டு எழுந்தால் ஒன்று குறையும். பூஜ்யமானால் மோட்டார் நிற்கும். வேறு எந்த எண்ணாக இருந்தாலும் ஓடும்.

கம்ப்யூட்டர் அறையில் யாரும் இல்லை. திரையில் 1.

எந்த இருக்கை என்று தேடினான். நான்கு.

அது செல்லதுரையின் இருக்கை. போன மாதம், பாதி வேலையில், அந்த மேசையிலேயே தலை சாய்ந்து இறந்துபோனவர்.

“அண்ணே... காலையில எனக்கு ஏர்போர்ட்டுக்கு பஸ்ஸு. விடுங்கண்ணே,” என்றான் காலி நாற்காலியைப் பார்த்து.

1.

பிடித்திருப்பவர்தான் விட வேண்டும், அடுத்தவர் எண்ணைத் தொடக் கூடாது. அவனே வைத்த விதி. அவனே மீறினான். பூஜ்யம் என்று அடித்தான்.

ஊய்ய்... என்று சத்தம் இறங்கி, மோட்டார் நின்றது. மூடியைத் தூக்கினான். சூடேறிய தூசியின் வாசனை. வலது கையை உள்ளே விட்டான்.

முதுகுக்குப் பின்னால்... கிரீச்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு யாரோ எழுந்த சத்தம்.

எண் ஒன்று குறைந்தது. மைனஸ் ஒன்று. அது பூஜ்யம் இல்லையே... மோட்டார் ஓடத் தொடங்கியது.

சட்டைக் கை சிக்கிக்கொண்டது. துணி இறுகி, மணிக்கட்டை உள்ளே இழுத்தது. சுவிட்ச் எட்டவில்லை. கத்தினான். கண்ணாடிக் கதவைத் தாண்டிச் சத்தம் போகவில்லை.

“அண்ணே!”

மறுபடி கிரீச். இந்த முறை நாற்காலி மேசைப் பக்கம் நகர்ந்தது.

மோட்டார் நின்றது.

சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே ஓடினான். டிஸ்க்கை எடுக்கவில்லை. துபாயும் போகவில்லை.

விடிந்ததும் அரியமுத்துதான் உள்ளே போய்ப் பார்த்தார். திரையில் 0. மைனஸ் ஒன்று பூஜ்யமாக வேண்டுமென்றால்... யாரோ ஒருவர் திரும்ப வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான்காம் இருக்கையின் மெத்தை, நடுவில் அழுந்திக் கிடந்தது. அரியமுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அது மேலே எழும்பவில்லை.