மிளகாய்க் களத்துச் சூடு

கமுதி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் காலடியில் மிளகாய் மூட்டை. மற்றவள் அவளிடம் சொன்னாள்:

“பூமிக்குள்ள இருக்க சூட்டுல கரண்டு எடுக்கப் போறாங்களாம்க்கா. நம்ம மிளகாக் களத்துலதான் துளை போடணுமாம். நாளைக்கே வாராங்களாம்.”

“குடிதண்ணிக்கு போர் கேட்டப்ப ஒருத்தனும் எட்டிப் பாக்கல. காலையிலயே கேள்விப்பட்டேன், வரட்டும். களம் முழுக்க மிளகாப் பழத்தப் பரப்பிட்டுத்தான் பஸ் ஏறுனேன்.”

“அதுக்கு?”

“மிளகா காயிற களத்துல செருப்போட யாரும் ஏறக்கூடாதுல்ல? கழட்டிட்டு உச்சி வெயில்ல ஏறட்டும். சூடுதான வேணும் அவங்களுக்கு?”

மற்றவள் சிரிக்கவில்லை. “காஞ்சதும் அள்ளித்தான ஆகணும்?”

“அள்ளுவேன். அடுத்த பறிப்புக்குச் செடியில பழம் செவந்து நிக்கிது. அதையும் அங்கனயேதான் கொட்டுவேன்.”