மேசைமேல் வைத்த பாஸ்போர்ட்

ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில், நின்றுகொண்டிருந்தவர்களை எண்ணிக்கொண்டு வந்தேன். இந்த வயதில் எனக்கு எண்ணுவதுதான் வேலை; அதற்குச் சம்பளம் கிடையாது. முன் இருக்கைக்காரர் தன் நண்பரிடம் சொன்னது எண்ணிக்கையைக் கலைத்துவிட்டது.

"நான் பாஸ்போர்ட்டு எடுத்தது வெளிநாடு போறதுக்கு இல்ல மாப்ளே. மொதலாளிகிட்ட காட்டுறதுக்கு."

"காட்டி?"

"நானும் சலீமும் ஒரே அரிசி மில்லு, ஒரே மிஷினு. அவன் மாமா துபாய்ல இருந்து அவனுக்கு விசா அனுப்புனாரு. பாஸ்போர்ட்ட மொதலாளி மேசை மேல வச்சான். போகாதப்பான்னு சம்பளத்த ஏத்திட்டாரு மொதலாளி. எனக்குப் போக்கிடம் இல்லன்னு அவருக்குத் தெரியும். எனக்கு மட்டும் அதே பழைய சம்பளம்."

"நீயும் வச்சியா?"

"வச்சேன். விசா வந்தவன் எப்படி வைப்பான்னு வீட்டுல கண்ணாடி முன்னாடி பழகிட்டுத்தான் போனேன்."

"என்ன சொன்னாரு?"

"எந்திரிச்சு கையப் புடிச்சுக்கிட்டு, போயி நல்லா இருடான்னு அனுப்பி வச்சிட்டாரு. என் எடத்துக்கு அவரு மச்சான் மவன் திங்கக்கெழம வரானாம்."

நண்பர் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இப்ப எங்க போற?"

"ஏஜெண்டப் பாக்கத்தான். எந்த நாட்டுலயாச்சும் என்னயக் கூப்புடுறாங்களான்னு கேக்கணும்."