போஸ்டரில் கண்மூடியவள்

சுபேசன்: பொறும், பொறும்... லாப்டொப்பை இஞ்சால திருப்பும். வெயில் அடிக்குது, ஒண்டும் தெரியேல்லை.

துசாந்தினி: எழும்பித் திரைச்சீலையை இழுத்துவிட்டா என்னவாம்? ம்... இப்ப?

சுபேசன்: இப்ப தெரியுது. ஆ... வடிவாய்த்தான் கிடக்கு.

துசாந்தினி: இழுத்துச் சொல்லுறியள். அப்ப ஏதோ கிடக்கு.

சுபேசன்: தேத்தண்ணி ஒரு வாய் குடிச்சிட்டுச் சொல்லட்டே?

துசாந்தினி: குடிச்சுக்கொண்டே சொல்லுங்கோ. நாளைக்குக் காலமை அனுப்போணும். சட்டம் தெரியும்தானே? இந்த மேசையில இருக்கேக்கை நீங்கள் என்ர மனிசன் இல்லை. என்னோட ஒண்டாப் படிச்ச ஆள், போஸ்டர் அச்சடிக்கிற ஆள். முகத்துக்கு நேரை சொல்லோணும்.

சுபேசன்: போன முறை முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டு ரெண்டு நாள் வெறும் பாண்தான் திண்டனான்.

துசாந்தினி: அரங்கேற்றப் போஸ்டரைப் பாத்து, 'இதென்ன பல்லு டொக்டற்ற விளம்பரமோ' எண்டு கேட்டா?

சுபேசன்: அந்தப் பிள்ளை பல்லைத்தானே காட்டிக்கொண்டு நிண்டது... சரி, சரி, முறைக்காதேயும். இது ஆருக்கு?

துசாந்தினி: சொன்னனான், நீங்கள்தான் காதில விழுத்தேல்லை. ஒஸ்லோவுக்கு வெளியால ஒரு பறக்கிற கிளப். ஓகஸ்ட்டில சின்னப் பிளேன்காரர் எல்லாரும் அங்கை கூடுகினம். சனமும் போய்ப் பாக்கலாம், விருப்பமெண்டா ஏறிப் பறக்கலாம். புதுசாப் படிச்சுத் தேறின ஆக்களுக்குக் குடும்பத்துக்கு முன்னால நெஞ்சில சின்னம் குத்துவினமாம்.

சுபேசன்: ஆ... அப்பிடியோ.

துசாந்தினி: என்ன, புரைக்கேறிட்டுதோ?

சுபேசன்: இல்லை, சூடு.

துசாந்தினி: ஆறின தேத்தண்ணி.

சுபேசன்: ...முதல்ல நல்லதைச் சொல்லுறன். தலைவர், செயலாளர், பொருளாளர் எண்டு எல்லாற்ற மூஞ்சையையும் வட்டம் வட்டமாய் வெட்டி ஒட்டேல்லை. மூலைக்கு மூலை குத்துவிளக்கு இல்லை. அனுசரணை செய்த சாப்பாட்டுக்கடை இல்லை.

துசாந்தினி: அது எங்கட ஆக்களுக்கு. படம் வராட்டி அடுத்த வருசம் மண்டபத்துக் கதவே திறவாயினம். வெள்ளையளுக்கு வெறும் வானம் காணும்.

சுபேசன்: வானம் நல்லாக் கிடக்கு. கீழ எழுத்து மட்டும் கொஞ்சம் பெருப்பிக்கோணும். தேபான றெயில் ஸ்டேசன்ல ஓடிப் போற சனம் நிண்டு வாசிக்காது. இந்த மஞ்சளும் அச்சில கடுகு மாதிரி வரும். வெளிச்சமாக்கும்.

துசாந்தினி: மஞ்சள்... எழுத்து... ம். வேற?

சுபேசன்: வேற ஒண்டும்... இந்தச் செம்மஞ்சள் சாமான்.

துசாந்தினி: கம்பத்தில பறக்கிற துணியோ? காத்து எந்தப் பக்கம் எண்டு பாக்கிறதுக்கு. கையில்லாத ஆளின்ர சட்டைக்கை மாதிரி ஆடும்.

சுபேசன்: விந்த்பொல்ச.

துசாந்தினி: பொல்சயோ? கடையில வாட்டி விக்கிற சொசேஜோ?

சுபேசன்: இவங்கட பாசையில அதுக்கு அப்பிடித்தான் பேர். காத்துச் சொசேஜ். அதில்லை விசயம், அது பிழையாக் கிடக்கு.

துசாந்தினி: என்ன பிழை?

சுபேசன்: பிளேன் போற பக்கத்துக்கே துணியின்ர வாலும் பறக்குது. அப்ப காத்துப் பின்னால இருந்து அடிக்குது. ஒருத்தரும் அப்பிடி எழும்பாயினம். காத்துக்கு எதிரா ஓடித்தான் எழும்போணும். இப்பிடி எழும்பினா ஓடுபாதை காணாமல் நேரை மரத்துக்குள்ளதான்...

துசாந்தினி: அம்மாடி. இதெல்லாம் எப்பிடி உங்களுக்கு...

சுபேசன்: பட்டம் விட்டனாங்கள்தானே. காத்துக்கு எதிராத்தானே இழுத்துக்கொண்டு ஓடுறது.

துசாந்தினி: ஓ, பட்டம். அப்பச் சரி. நேற்றுக் கோயில்ல சனமோ?

சுபேசன்: என்ன திடீரெண்டு... பரவாயில்லை. இருந்தது.

துசாந்தினி: எள்ளெண்ணெய் எரிச்சியளோ?

சுபேசன்: ஒவ்வொரு சனியும் எரிக்கிறன்தானே. ஏழரைச் சனி லேசுப்பட்டதே?

துசாந்தினி: அதுதான் கேட்டன். போஸ்டரைப் பாருங்கோ. உங்களுக்குச் சின்னப் பிளேனில ஒரு விசர் இருந்ததுதானே. கலியாணம் முடிச்ச புதுசில மொட்டை மாடியில நிண்டு அண்ணாந்து பாத்தே கழுத்துச் சுளுக்கினனீங்கள்.

சுபேசன்: அது அந்தக் காலம்.

துசாந்தினி: பிறகு நான் ஹம்மர்பெஸ்ட்டுக்கு அக்காவைப் பாக்கப் போய், அந்த நுளம்பு மாதிரிப் பிளேனில செத்துப் பிழைச்சு வந்தன். வந்த அண்டைக்கே உங்களிட்டை ஒரு சத்தியம் கேட்டன். நினைவிருக்கோ?

சுபேசன்: இருக்கு.

துசாந்தினி: வர்சா தொட்டிலில கிடந்தவள். அவளின்ர தலையில கை வைச்சு...

சுபேசன்: சின்னப் பிளேன் ஓட்டப் போகமாட்டன் எண்டு சொன்னனான். நினைவிருக்கெண்டுதானே சொல்லுறன். போஸ்டருக்கு வாரும்.

துசாந்தினி: நான் அங்கைதான் நிக்கிறன். சொல்லுங்கோ.

சுபேசன்: செட்டையில லைற்று ரெண்டும் மாறிக் கிடக்கு. இடது செட்டைக்குச் சிவப்பு, வலதுக்குப் பச்சை.

துசாந்தினி: இதுவும் பட்டமோ?

சுபேசன்: யூடியூப். ஆராவது போட்டா கண்ணில படும்தானே.

துசாந்தினி: படும், படும். திருத்துறன். முடிஞ்சுதோ?

சுபேசன்: முடிஞ்சுது... இல்லை, துசா, இதை இப்பிடி விடேலாது. அந்தக் கிளப்காரர் பாத்தா உம்மைப் பாத்துச் சிரிப்பாங்கள். ஓட்டுற ஆளை வலப்பக்கம் இருத்தி வைச்சிருக்கிறீர். ஓட்டுற ஆள் இடப்பக்கம். பக்கத்தில இருக்கிற பொம்பிளை வலப்பக்கம்.

துசாந்தினி: இதுக்கு என்ன சொல்லப் போறியள்? யூடியூப் முடிஞ்சுது, பட்டமும் முடிஞ்சுது.

சுபேசன்: வர்சான்ர லெகோ.

துசாந்தினி: லெகோ.

சுபேசன்: ஓம். அதில ஒரு பிளேன் இருக்குத்தானே.

துசாந்தினி: அது குதிரை வண்டில். சரி, இருக்கட்டும். வேற?

சுபேசன்: அந்தப் பொம்பிளை ஏன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறா? வாயும் கோணிப் போய்க் கிடக்கு. வாங்கோ, ஏறுங்கோ எண்டு கூப்பிடுற போஸ்டரில பயந்து சாகிற ஒருத்தியைப் போட்டா ஆர் வருவினம்? கண்ணைத் திறந்து சிரிக்க விடும்.

துசாந்தினி: அதை மாத்தமாட்டன்.

சுபேசன்: ஏன்?

துசாந்தினி: பிறகு சொல்லுறன். மே மாசம் ஒரு சனிக்கிழமை தெப்பமா நனைஞ்சு வந்தியள்.

சுபேசன்: ...நீர் போஸ்டரைப் பற்றிக் கதைக்கிறீரோ, என்னைப் பற்றிக் கதைக்கிறீரோ?

துசாந்தினி: நனைஞ்சியளோ, இல்லையோ?

சுபேசன்: நனைஞ்சனான். கோயில்ல பைப் வெடிச்சது. அண்டைக்கே சொன்னனான்.

துசாந்தினி: சொன்னனீங்கள். வெளியால வெயில் எரியுது. உடுப்பைக் காயப்போட்டது நான். சப்பாத்துக்குள்ளையும் தண்ணி தளும்பினது. கோயிலுக்குள்ள சப்பாத்தோட ஆரப்பா போறது? தேத்தண்ணி ஊத்தட்டே?

சுபேசன்: வேண்டாம்.

துசாந்தினி: ஏழரைச் சனியைப் பற்றியும் சாத்திரியாரிட்டைக் கேட்டன். உங்கட ராசிக்கு அது முடிஞ்சு கனகாலமாம். 'அந்தத் தம்பி இன்னும் எண்ணெய் எரிக்கிறாரோ' எண்டு மனிசன் சிரிக்குது.

சுபேசன்: துசா...

துசாந்தினி: இருங்கோ. அப்பவும் எனக்குப் பிளேன் எண்டு மனசில ஓடேல்லை. வேற பொம்பிளையோ எண்டு கூட யோசிச்சன். பிறகு இந்த வேலை எங்கட ஸ்டூடியோவுக்கு வந்தது. படம் எடுக்க அந்தக் கிளப்புக்குப் போனன். உள்ளுக்குச் சுவர் முழுக்கப் படம். முதல் முறை தனியப் பறந்து இறங்கிற ஆளை நிக்கவைச்சு வாளியால தண்ணி ஊத்துறது அவையின்ர வழக்கமாம். ஊத்தி, படம் எடுத்து, சுவரில மாட்டுவினமாம்.

சுபேசன்: நீர் பாத்திட்டீர்.

துசாந்தினி: எங்கட ஊரில வயசுக்கு வந்த பெட்டைக்குத் தண்ணி வாக்கிறதெண்டா மாமன், மச்சாள் எல்லாருக்கும் சொல்லி, பலகாரம் சுட்டு, மண்டபம் பிடிப்பம். உங்களுக்குத் தாடி நரைச்ச வயசில தண்ணி வாத்திருக்கினம், பெண்சாதிக்குச் சொல்லேல்லை.

சுபேசன்: பகிடி பண்ணாதேயும்.

துசாந்தினி: அழக்கூடாதெண்டுதான் பகிடி பண்ணுறன். அந்தப் படத்தில நீங்கள் சிரிச்ச சிரிப்பு... கலியாண அல்பத்தில இல்லை. வர்சா பிறந்த அண்டைக்கும் இல்லை. இப்பிடி ஒரு முகம் உங்களிட்டை இருக்கெண்டே எனக்குத் தெரியாது. ஆரோ வெள்ளையள் நாலுபேர் கண்டிருக்கினம். நான் காணேல்லை.

சுபேசன்: சொல்லோணும் எண்டு ஒவ்வொரு கிழமையும் நினைச்சனான். கேட்டா விட்டிருப்பீரோ?

துசாந்தினி: மாட்டன்.

சுபேசன்: அதுதான்.

துசாந்தினி: என்ன அதுதான்? மாட்டன் எண்டு சொல்லியிருப்பன். சண்டை பிடிச்சிருப்பன். ஒரு மாசம் கதையாமல் இருந்திருப்பன். அதெல்லாம் எனக்குரியது. அதைக் கூட நீங்கள் எனக்குத் தரேல்லை. நீங்கள் மேல நிக்கேக்கை நான் கீழ புட்டு அவிச்சுக்கொண்டு, மனிசன் கோயில்ல நிக்குது எண்டு நிம்மதியா இருந்திருக்கிறன். விழுந்திருந்தா? பொலிஸ் வந்து கதவைத் தட்டேக்கை, 'இல்லை, அவர் கோயில்ல' எண்டு சொல்லியிருப்பன்.

சுபேசன்: ...பிழைதான்.

துசாந்தினி: பிள்ளையின்ர தலையில சத்தியம் பண்ணிப்போட்டு எப்பிடியப்பா மனம் வந்தது?

சுபேசன்: கோயிலுக்குப் போனது பொய்யில்லை. ஒவ்வொரு சனியும் முதல்ல அங்கைதான் போறனான். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சு, 'அந்தச் சத்தியத்தை என்ர தலைக்கு மாத்திவிடு, பிள்ளையை விட்டிடு' எண்டு கும்பிட்டுத்தான் அங்காலை போவன்.

துசாந்தினி: பிள்ளையார் என்ன சொன்னவர்?

சுபேசன்: ஒருக்காலும் அழுகல் வரேல்லை.

துசாந்தினி: தேங்காய் பாத்து வாங்கத் தெரிஞ்ச ஆள். அதுக்குப் பிள்ளையாரை இழுக்காதேயுங்கோ.

சுபேசன்: நீர் சிரிக்கிறீர்.

துசாந்தினி: சிரிக்கேல்லை. எனக்கு இன்னும் கோவம். கனநாளைக்கு இருக்கும்.

சுபேசன்: நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுறன். மெய்யாத்தான். சின்னம் குத்துறதுக்கும் போறதா இல்லை. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி மறுகா மறுகாக் கேட்டினம். மனிசிக்கு உடம்பு ஏலாது எண்டு சொல்லி வைச்சிருந்தனான்.

துசாந்தினி: என்னைப் படுக்கையிலயும் போட்டிட்டியளோ? நல்லது. நான் அங்கை போய்ப் பேரைச் சொல்ல, அந்தப் பிளேன் ஓட்டப் படிப்பிக்கிற மனிசி, இங்கெபோர்க், ஓடிவந்து கையைப் பிடிச்சு, 'இப்ப சுகமோ' எண்டு கேட்டது இதுக்குத்தானோ?

சுபேசன்: ஐயோ.

துசாந்தினி: அவதான் எனக்கு எல்லாம் சொல்லித் தந்தவ. அந்தக் காத்துச் சொசேஜ், லைற்று, இருக்கை... மூண்டையும் நான் தெரிஞ்சுதான் பிழையாக் கீறினனான்.

சுபேசன்: வேணுமெண்டோ?

துசாந்தினி: வேணுமெண்டு. சரியான படம் வேற கோப்பில கிடக்கு. நீங்கள் வாய் திறப்பியளோ எண்டு பாக்கோணும் போல இருந்தது. உங்களுக்குத் தெரிஞ்ச மட்டில, பேசாமல் இருந்திருந்தா நீங்கள் தப்பியிருப்பியள். நான் அந்த வெள்ளையளுக்கு முன்னால பிழையான படத்தோட போய் நிண்டிருப்பன். ஒண்டொண்டாக் காட்டிக் குடுத்தியள். பட்டம், யூடியூப், லெகோ எண்டு பூசி மெழுகினாலும் காட்டிக் குடுத்தியள். அதாலதான் இன்னும் இந்த மேசையில இருந்து கதைச்சுக்கொண்டிருக்கிறன்.

சுபேசன்: துசா... அப்ப ஓகஸ்ட்டில? வருவீரோ?

துசாந்தினி: மேசைச் சட்டம் இன்னும் முடியேல்லை. போஸ்டரைப் பற்றி மட்டும் கேளுங்கோ.

சுபேசன்: சரி. போஸ்டரைப் பற்றிக் கேக்கிறன். மூண்டு பிழையும் வேணுமெண்டு கீறினது. நாலாவதா நான் சொன்னது? கண்ணை மூடிக்கொண்டிருக்கிற பொம்பிளை? அதை மட்டும் ஏன் மாத்தமாட்டன் எண்டு நிண்டனீர்?

துசாந்தினி: அது பிழையில்லை. போன புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டிட்டு இங்கெபோர்க்கோட ஏறினனான். உங்களுக்கு அந்தச் சிரிப்பைக் குடுத்தது என்னெண்டு பாக்கோணும் எண்டு. ஏறினதில இருந்து இறங்குமட்டும் கண்ணே திறக்கேல்லை, அப்பிடித்தான் வாயைக் கோணிக்கொண்டு இருந்தனான். படத்தில அவள் மூடினபடி இருக்கட்டும்... நீங்கள் ஓட்டேக்கை திறந்து பாக்கிறன்.